மல்லாட்டை மூட்டையில் ஒரு பருப்பு

திண்டிவனத்துக்கு அருகே, மயிலத்தைச் சுற்றியுள்ள செம்மண் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்கிக் காயவைத்தால், அது காய்ந்ததா இல்லையா என்று முதலில் சொல்வது காது. ஒரு கை அள்ளிக் காதருகே குலுக்கினால், உள்ளே பருப்பு ஓட்டில் மோதிக் கலகலவென்று ஒலிக்க வேண்டும். ஒலி மந்தமாக இருந்தால் இன்னொரு வெயில் வேண்டும். அடுத்தது விரல்: காயை உடைத்துப் பருப்பைத் தேய்த்தால் சிவப்புத் தோல் உரிந்து வர வேண்டும். பிறகு பல்: கடித்தால் நறுக்கென்று முறிய வேண்டும். காறலும் கசப்பும் மக்கிய வாடையும் நாக்குக்கும் மூக்குக்கும் உரிய விசாரணை. இந்தப் பக்கத்தில் வேர்க்கடலை என்று எழுதுவார்கள்; பேசும்போது மல்லாட்டை, அல்லது மணிலா.

திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் முன்பு சோதனை என்றால் இதுதான். வியாபாரி குத்தூசியை மூட்டைக்குள் செருகி இழுப்பார். கையில் விழுந்த காயைக் குலுக்குவார், உடைப்பார், இரண்டு பருப்பை வாயில் போடுவார். கொஞ்சம் காயை எடைபோட்டு உடைத்து, பருப்பு எவ்வளவு தேறுகிறது என்று பார்த்து விலை சொல்வார். "ஈரமா இருக்கேங்க" என்று அவர் இழுத்தால், இறங்கப்போவது விலை என்று மூட்டைக்குப் பின்னால் நிற்பவருக்குத் தெரியும்.

இந்தச் சோதனைகளை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. காயின் ஒலி ஈரத்தின் அளவைச் சொல்கிறது. பருப்பில் ஈரம் எட்டு விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் பூஞ்சணம் வளர்வது அரிது. எந்தக் கருவியும் இல்லாத காலத்தில் அந்த எல்லைக்கு அருகே ஒரு கிராமமே தன் காதால் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் மல்லாட்டையின் மிகப் பெரிய நஞ்சுக்கு ஒலி இல்லை, வாடை இல்லை, சுவையும் இல்லை. அந்த இடத்தில் காதும் நாக்கும் நின்றுவிட்டன.

இந்த மண்ணுக்கும் மல்லாட்டைக்கும் உள்ள உறவு சாதாரணமானதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காடு மாவட்டத்துக் கடலை பாண்டிச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகருக்குக் கப்பல் ஏறியது; அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. பிறகு திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கிருந்து வெளிவந்த ரகங்களுக்கெல்லாம் ஊரின் பெயரைச் சுருக்கி டி.எம்.வி. என்று முன்னொட்டு வைத்தார்கள். குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2, தமிழ்நாட்டைத் தாண்டி ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல பத்தாண்டுகள் விதைக்கப்பட்டது. மயிலம் முருகனைக் கும்பிடப் போகும் வழியில் கூட்டேரிப்பட்டுக் கடைகளில் வேகவைத்த கடலை வாங்கித் தின்கிறவர், இந்தியக் கடலைச் சாகுபடியின் முக்கியமான ஓர் ஊருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்.

நஞ்சின் கதை வெகு தொலைவில் தொடங்கியது. 1960-இல் இங்கிலாந்தின் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் செத்து விழுந்தன. காரணம் தெரியாததால் அதற்கு 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயரிட்டார்கள். தேடிப் போனால், பிரேசிலிலிருந்து தீவனத்துக்கு வந்த கடலைப் பிண்ணாக்கில் முடிந்தது. அதில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சணம் வளர்ந்து ஒரு நஞ்சைச் சுரந்திருந்தது. பூஞ்சணத்தின் பெயரிலிருந்தே நஞ்சுக்கு அஃப்லாடாக்ஸின் என்று பெயர் வந்தது. புறஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிர்ந்தவை பி வகை, பச்சையாக ஒளிர்ந்தவை ஜி வகை. இவற்றில் மிகக் கொடியது பி1. மனிதருக்குக் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்ற முதல் பட்டியலில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை வைத்திருக்கிறது. மஞ்சள் காமாலை பி வைரஸ் ஏற்கெனவே உடம்பில் இருப்பவருக்கு ஆபத்து பல மடங்கு.

வான்கோழியோடு நிற்கவில்லை. 1974-இல் ராஜஸ்தானின் பன்ஸ்வாராவிலும் குஜராத்தின் பஞ்சமஹாலிலும், பருவம் தப்பிய மழையில் நனைந்து பூஞ்சணம் பூத்த மக்காச்சோளத்தைத் தின்ற ஏழைக் குடும்பங்களில் கல்லீரல் நோய் பரவியது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் போய் ஆராய்ந்தார்கள். 397 பேர் பாதிக்கப்பட்டு 106 பேர் இறந்ததாகக் கணக்கு. அந்த வீடுகளில் நாய்களும் அதே சோற்றைத் தின்று செத்திருந்தன. பூத்த தானியம் என்று அந்த மக்களுக்குத் தெரியாமல் இல்லை. வேறு தானியம் இல்லை. இந்த விஷயத்தைப் பேசும்போதெல்லாம் நான் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். நஞ்சைக் கண்டறிவது ஒரு வேலை. கண்டறிந்தபின் தள்ளிவைக்க வசதி இருப்பது வேறொன்று.

திண்டிவனம் வட்டாரத்துக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், நம் மழையின் நடைமுறை அப்படி. ஆடிப்பட்டத்தில் மானாவாரியாக விதைத்த மல்லாட்டைக்குக் காய் முற்றுகிற கடைசி வாரங்களில் வறட்சி தட்டினால், மண் சூடேறி, பூஞ்சணம் நிலத்துக்குள்ளேயே காயில் நுழைந்துவிடும். பிடுங்கிப் போடும் நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காய்வதற்கு வெயில் இல்லை. வறட்சி, மழை இரண்டும் அடுத்தடுத்து வருவதுதான் இங்கே வழக்கம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. நெல்லோ மல்லாட்டையோ, அந்த ஒரு நாள் ஊறிய விளைச்சலை வெறும் குலுக்கலை நம்பி யாரும் நல்லது என்று சொல்லிவிட முடியாது.

ஆய்வகம் நுழைந்த பிறகு தீர்ப்புச் சொல்லும் உரிமை ஊரைவிட்டுப் போனது. முதலில் கண்ணாடித் தகட்டில் சாற்றை ஓடவிட்டு, புறஊதா விளக்கில் நீலப் புள்ளியைத் தேடினார்கள். பிறகு உயர் அழுத்தத் திரவ நிறப்பிரிகைக் கருவி வந்தது. பல லட்சம் ரூபாய் விலை, குளிரூட்டிய அறை, படித்த ஒருவரின் முழுநேர வேலை. அதற்கடுத்து எலைசா. நஞ்சைப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தைக் குழித்தட்டில் ஒட்டி, நிறமாற்றத்தைக் கொண்டு அளவு சொல்லும் முறை. ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டாஞ்செருவில் இருக்கும் இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், இந்த எலைசாவை ஒரு மாதிரிக்கு ஏறத்தாழ ஒரு டாலர் செலவில் செய்யும்படி எளிமைப்படுத்தியது. கடலை விளையும் ஏழை நாடுகளுக்கு இது உண்மையான கொடை.

ஆனாலும் மாதிரி பையில் ஏறி நகரத்துக்குப் போக வேண்டும். முடிவு தாளில் வரும்போது மூட்டை விற்று, உடைத்து, எண்ணெயாகிப் பிண்ணாக்காகி மாட்டுத் தொட்டியில் விழுந்திருக்கும். யாருக்காக இந்தச் சோதனை நடந்தது? பெரும்பாலும் கப்பல் ஏறும் கடலைக்காக. ஐரோப்பிய ஒன்றியம் நேரடியாகத் தின்னும் கடலையில் கிலோவுக்கு மொத்தம் 4 மைக்ரோகிராமுக்கு மேல் அஃப்லாடாக்ஸினை ஏற்பதில்லை. இந்தியாவில் தின்னத் தயாரான கடலைக்கு 10, மேற்கொண்டு பக்குவப்படுத்தப் போவதற்கு 15. பழைய சட்டத்தில் 30 வரை இடம் இருந்தது. ஏற்றுமதிக் கடலையைச் சோதித்துச் சான்று தர, வேளாண் ஏற்றுமதியைக் கவனிக்கும் அபெடா ஆணையம் தனி ஏற்பாடே வைத்திருக்கிறது. மார்செய்க்குக் கப்பல் போன காலம் தொட்டு அயல்நாட்டு வாய்க்குப் போகும் கடலையைத்தான் நாம் கூடுதல் கவனத்தோடு பார்க்கிறோம். திண்டிவனம் பேருந்து நிலையத்தில் பொட்டலம் கட்டி விற்கும் கடலைக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

உள்ளூர் வாய்க்கு நஞ்சு எப்படி வந்து சேருகிறது என்பதைப் பால் காட்டிக்கொடுத்தது. பூத்த பிண்ணாக்கைத் தின்ற பசு, பி1 நஞ்சை உடலில் மாற்றிப் பாலில் எம்1 என்ற வடிவில் இறக்குகிறது. காய்ச்சினால் அது போவதில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்து, 2019 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. எல்லோரும் பயந்துகொண்டிருந்த கலப்படம் மிகச் சில மாதிரிகளில்தான் இருந்தது. ஆனால் 5.7 விழுக்காடு மாதிரிகளில் எம்1 வரம்பை மீறியிருந்தது. அந்தப் பட்டியலில் முதலில் நின்றது தமிழ்நாடு: 551 மாதிரிகளில் 88. பாலில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று சந்தேகப்பட்ட காலமெல்லாம், கலப்பே இல்லாத சுத்தமான பாலில், மாட்டுக்கு அன்போடு ஊறவைத்த பிண்ணாக்கு வழியாக அது வந்துகொண்டிருந்தது. குழந்தைக்குப் புகட்டுவது அந்தப் பாலைத்தான்.

சோதனை மறுபடி ஊருக்குத் திரும்பும் வாய்ப்பை உயிர்உணரி தருகிறது. பெயர் புதிதாக இருக்கலாம், பொருள் நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்துச் சர்க்கரை பார்க்கிறோமே, அதுதான் உலகில் அதிகம் பயன்படும் மின்வேதி உயிர்உணரி. 1962-இல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க்கும் லயன்ஸும், சர்க்கரையை மட்டும் தேடிப் பிடிக்கும் நொதியை மின்முனையின் மேல் அமர்த்திக் காட்டினார்கள். 1987-இல் பேனா அளவில் வீட்டுக் கருவியாக அது விற்பனைக்கு வந்தது. உயிர்ப்பொருள் தனக்குரியதைப் பிடிக்கும்; அந்தப் பிடிப்பை மின்முனை மின்சாரமாக மாற்றிச் சொல்லும்; ஒரு சிறு மின்சுற்று அதை எண்ணாக்கும். அவ்வளவுதான்.

சர்க்கரையின் இடத்தில் அஃப்லாடாக்ஸினை வைக்கும்போது நொதிக்குப் பதில் எதிர்ப்புரதம் வருகிறது. கார்பன் மையை அச்சடித்துச் செய்த மலிவான மின்முனையின் மேல், தங்கத் துகள்களைப் பரப்பி, அவற்றில் எதிர்ப்புரதத்தை ஒட்டவைக்கிறார்கள். கரைசலில் எலக்ட்ரானை எளிதில் கொடுத்து வாங்கும் ஓர் இரும்பு உப்பு இருக்கும். நஞ்சு வந்து எதிர்ப்புரதத்தில் உட்கார்ந்தால், உப்பு மின்முனையை நெருங்கும் வழி அடைபடுகிறது, மின்தடை ஏறுகிறது. எவ்வளவு ஏறியது என்பதே நஞ்சின் அளவு. இன்னொரு முறையில், நொதி கட்டிய போலி நஞ்சையும் உண்மை நஞ்சையும் ஒரே இருக்கைக்குப் போட்டியிட விடுகிறார்கள். உண்மை நஞ்சு அதிகமானால் போலி இடம் இழக்கும், மின்னோட்டம் குறையும். 2004-இல் ரோம் நகரின் டோர் வெர்கட்டா பல்கலைக்கழகத்தார் பார்லியில் பி1-ஐ இப்படி அளந்து காட்டினார்கள். தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பான்சி மல்ஹோத்ராவின் குழு அஃப்லாடாக்ஸினுக்கென்றே பல மின்முனைகளை உருவாக்கியது.

மின்வேதியியல் என்றால் தமிழ்நாட்டில் ஓர் ஊரின் பெயரைச் சொல்லாமல் போக முடியாது. ராம. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் கொண்டுவந்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் நாளில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உள்ளூரில் அதற்குச் 'சிக்ரி' என்று பெயர். துரு, மின்கலம், முலாம் என்று தொடங்கிய அந்த வளாகம் இன்று உயிர்உணரிகளையும் ஆராய்கிறது. தஞ்சாவூர் சாஸ்திரா பல்கலைக்கழகத்திலும் நானோ உயிர்உணரிகளை ஆராய்கிறார்கள். அறிவு நம்மிடம் இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை.

பிறகு ஏன் திண்டிவனம் கூடத்தில் அந்தப் பட்டை இல்லை? சர்க்கரைப் பட்டையைப் போல இது எளிதாகாததற்கு நேர்மையான காரணங்கள் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் இருக்கிறது. கடலையில் நாம் தேடும் நஞ்சு கிலோவுக்குப் பத்து மைக்ரோகிராம். ஒரு லட்சம் மடங்கு குறைவு. ரத்தம் தானே திரவமாக வருகிறது. கடலையை அரைத்து, மெத்தனால் கலந்த நீரில் குலுக்கி, எண்ணெயைப் பிரித்து, வடிகட்டி, நீர்க்கச் செய்து கொடுத்தால்தான் மின்முனைக்குப் புரியும். பருப்பின் எடையில் பாதியளவு எண்ணெய். அதோடு வரும் புரதங்கள் மின்முனையில் படிந்து நஞ்சு இருப்பதுபோல ஏமாற்றும். எதிர்ப்புரதம் குளிர்பெட்டியில் வாழ்வது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கிடங்கில் அது சிதைந்துவிடும். இதற்கு மாற்றாக, நஞ்சைப் பிடிக்கும்படி தேர்ந்தெடுத்த டி.என்.ஏ. இழைகளை, அதாவது ஆப்டமர்களை, 1990-க்குப் பிறகு உருவாக்கினார்கள். அவை வெயிலைக் கொஞ்சம் தாங்கும். ஆய்வுக் கட்டுரைகளில் வெல்லும் மின்முனைகளில் பல, சுத்தமான கரைசலில் நஞ்சைக் கலந்து அளந்தவை. பூத்த மல்லாட்டையை அரைத்து ஊற்றினால் என்ன சொல்லும் என்பதுதான் கேள்வி. இன்று ஏற்றுமதியாளர் கிடங்கில் விரைவுச் சோதனை என்று கையில் எடுப்பது, கோடு விழுந்தால் சரி, விழாவிட்டால் தப்பு என்று சொல்லும் காகிதப் பட்டையைத்தான். மின்முனை இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்துக்குள்ளேயே இருக்கிறது.

தண்ணீரில் கதை சற்று முன்னேறியிருக்கிறது. முன்பு நல்ல தண்ணீர் என்றால் அதில் துவரம்பருப்பு வேக வேண்டும், சோப்பு நுரைக்க வேண்டும், வாயில் உப்புக் கரிக்கக் கூடாது. இவை கடினத்தன்மையைச் சொல்லும், மலக் கிருமியைச் சொல்லாது. ஃபெஞ்சல் வெள்ளம் வடிந்தபின் கிணறுகள் தெளிந்துதான் கிடந்திருக்கும். தெளிந்த தண்ணீர் பாதுகாப்பானது என்று சொல்ல அது போதாது. குவாலியரின் பாதுகாப்பு ஆய்வகத்தில் மஞ்சாவும் அவருடைய கூட்டாளிகளும் 1982-இல் வெளியிட்ட எளிய சோதனை இன்று கிராமங்களுக்கு வந்துவிட்டது. ஒரு குப்பியில் தண்ணீரை நிரப்பி வைத்தால், மலக் கிருமி இருந்தால் ஓரிரு நாளில் கறுத்துவிடும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இதுபோன்ற சோதனைப் பெட்டியைக் கொடுத்துப் பழக்குகிறார்கள். சோதனை செய்யும் கை மறுபடி ஊர்க் கையாகியிருப்பது எனக்குப் பெரிய செய்தி. குறை ஒன்றுதான்: குப்பி கறுக்கும் வரை குடிப்பது நிற்பதில்லை. ஈ.கோலி கிருமி சுரக்கும் நொதிக்கு ஒரு தீனியைக் கொடுத்து, அது அறுத்துப் போடும் துண்டை மின்முனையால் அளந்தால், ஒன்றிரண்டு நாள் சில மணி நேரமாகச் சுருங்கும். உர நிலங்களின் கிணற்றில் இறங்கும் நைட்ரேட்டையும் தாமிர மின்முனை நேரடியாக அளக்கும். அதற்கு நம் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். தண்ணீர் ஒருபடித்தானது. ஒரு குவளை மொண்டால் அந்தக் குடத்தையே மொண்டதாகும்.

மூட்டை அப்படி இல்லை. உயிர்உணரியைப் பற்றிய பேச்செல்லாம் மின்முனையின் நுட்பத்தைச் சுற்றியே ஓடுகிறது. மயிலம் விவசாயியின் தலையெழுத்து அதற்கு முந்தைய கட்டத்தில், மூட்டையிலிருந்து எந்தக் கடலை எடுக்கப்பட்டது என்பதில் முடிவாகிறது. நஞ்சு மூட்டை முழுக்கப் பரவிக் கிடப்பதில்லை. ஆயிரக்கணக்கான நல்ல பருப்புக்கு நடுவே ஒரு பருப்பு முழு நஞ்சாக இருக்கும். 1960-களிலேயே ஒற்றைக் கடலைப் பருப்புகளைத் தனித்தனியே சோதித்தவர்கள், கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராமையும் தாண்டிய பருப்பைக் கண்டிருக்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பருப்பு 0.4 கிராம் என்றால், அப்படிப்பட்ட ஒன்றில் 400 மைக்ரோகிராம் நஞ்சு. 40 கிலோ பருப்பில் அது ஒன்று விழுந்தால் சராசரி கிலோவுக்குப் பத்து, வரம்பைத் தொட்டாயிற்று. 40 கிலோவில் இருப்பது ஒரு லட்சம் பருப்பு. லட்சத்தில் ஒன்று!

குத்தூசியில் வந்து விழும் இரண்டு கைப்பிடியில் அந்த ஒன்று இருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. தப்பித்தவறி விழுந்துவிட்டால், நல்ல மூட்டை முழுவதும் நஞ்சு என்று தீர்ப்பாகும். அதனால்தான் உலக உணவு நெறிமுறைக் குழுவான கோடெக்ஸ், பக்குவப்படுத்தப் போகும் கடலைக்கு வரம்பு 15 என்று சொன்னபோது, கூடவே 20 கிலோ மாதிரி எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. பல மூட்டைகளில், பல ஆழத்தில் சிறிது சிறிதாக எடுத்துச் சேர்த்து, முழுவதையும் மாவாக அரைத்து, கலந்து, அதில் ஒரு தேக்கரண்டியைத்தான் கருவிக்குக் கொடுக்க வேண்டும். மின்முனை பத்து நிமிடத்தில் பதில் சொல்லலாம். அதற்கு முன்னால் ஒருவர் 20 கிலோ கடலையை அரைத்தாக வேண்டும். திண்டிவனம் கூடத்தில் முதலில் வர வேண்டியது அரவை இயந்திரமும் ஈரம் உறிஞ்சாத களமும் என்பது என் துணிந்த கருத்து. மின்முனை அதற்கடுத்து வரட்டும்.

இதே கணக்கிலிருந்து ஒரு நல்ல செய்தியும் கிடைக்கிறது. நஞ்சு சில பருப்பில் மட்டும் ஒதுங்கியிருப்பதால், அந்தச் சிலவற்றைப் பொறுக்கி எறிந்தால் மூட்டை பெரும்பாலும் தேறிவிடும். சுருங்கியது, நிறம் மங்கியது, ஓட்டை விழுந்தது, தோல் கறுத்தது: இவற்றில்தான் நஞ்சு குவிகிறது. மில் வாசலில் முறத்தை மடியில் வைத்துச் சொத்தைக் கடலையைப் பொறுக்குகிற பெண்கள் செய்துகொண்டிருப்பது, எந்தக் கருவியும் இதுவரை இவ்வளவு மலிவாகச் செய்யாத நஞ்சு நீக்கம். அவர்கள் கண்ணுக்குக் கொடுக்கும் கூலியை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு நாள் அந்த மில்லில் மின்முனை வந்தால், அதை முதலில் பழக வேண்டியவர்கள் அவர்களே. எந்த நிறத்துப் பருப்பு எவ்வளவு நஞ்சு என்று ஒரு வாரம் எண்ணோடு சேர்த்துப் பார்த்தால், அந்தக் கண் இன்னும் கூர்மையாகும்.

சில பழைய வழக்கங்களை விட்டுத்தான் ஆக வேண்டும். கையால் உடைக்கும்போது ஓடு இளகட்டும், பருப்பு நொறுங்காமல் வரட்டும் என்று காயில் தண்ணீர் தெளிப்பது நெடுநாள் வழக்கம். எட்டு விழுக்காட்டுக்கு இறக்கக் கொட்டிய வெயில் முழுவதும் ஒரு குடம் தண்ணீரில் வீணாகிறது. செடியோடு பிடுங்கியதும் குவித்துப்போடாமல் காய் மேலே தெரியும்படி கவிழ்த்துக் காயவைப்பது, மண்வெட்டி பட்ட காயைத் தனியே ஒதுக்குவது, விதைத்த 40–45 நாளில் எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போட்டு ஓட்டைத் திடமாக்குவது ஆகியவற்றை வேளாண் துறையினர் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். இவற்றைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் கூடத்தில் ஒரே விலை என்றால் யார் செய்வார்கள்? ஈரப்பத மானி கூடங்களுக்கு வந்தபோது, வெயிலுக்குக் கொஞ்சம் விலை கிடைத்தது. நஞ்சின்மைக்கு விலை இன்னும் வரவில்லை.

அந்த விலையைக் கொடுக்கும் கருவியாக உயிர்உணரி வர வேண்டும் என்று விரும்புகிறேன். வாங்குகிறவர் கையில் மட்டும் இருந்தால், குத்தூசிக்குப் பதில் மின்முனையை நீட்டி விலையைக் குறைக்கும் இன்னொரு சாக்காகிவிடும். விற்கிறவர் மூட்டை கட்டும் முன்னால், தன் களத்திலோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கிடங்கிலோ பார்த்து, தேறியதைத் தேறியது என்று எண்ணோடு கொண்டுபோய் நிறுத்த முடிய வேண்டும். எழுபது கிலோமீட்டருக்குள் புதுச்சேரி, விழுப்புரம், செங்கல்பட்டு என்று கல்லூரிகள் நிறைந்த பகுதி இது; மயிலத்திலேயே பொறியியல் கல்லூரி இருக்கிறது. மின்முனையின் மின்சுற்றைச் சில ஆயிரம் ரூபாய்க்குள் செய்ய வழிகாட்டும் திறந்த வரைபடங்களை 2011-இலிருந்தே ஆராய்ச்சியாளர்கள் இலவசமாக வெளியிட்டு வருகிறார்கள். மாணவர்கள் இறுதியாண்டில் செய்து அலமாரியில் வைக்கும் கருவிகளில் ஒன்று, பக்கத்து ஊர் மல்லாட்டையை அரைத்து ஊற்றிப் பார்க்கப்படலாம்.

அப்போது தேறாத மூட்டை என்று ஒன்று கட்டாயம் வரும். அதை என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்யாமல் கருவியைக் கொண்டுவருவது ஆபத்து. இன்று பொறுக்கித் தள்ளிய சொத்தைக் கடலை, குறைந்த விலைக்கு ஆட்டப் போகிறது. காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும் ஆலையில் எண்ணெயிலிருந்து நஞ்சு நீங்கிவிடும். செக்கில் ஆட்டி அப்படியே வடித்தால் ஒரு பங்கு எண்ணெயில் தங்கும். எந்த வழியில் ஆட்டினாலும் பெரும்பங்கு பிண்ணாக்கில் போய்ச் சேரும். மரச்செக்கு எண்ணெய்க்கு இன்று ஊரெங்கும் மதிப்பு கூடியிருக்கிறது. அந்த மதிப்பைக் காப்பாற்ற வேண்டுமானால் செக்குக்குப் போகும் கடலை முதல் தரமாக இருந்தே ஆக வேண்டும். தேறாத மூட்டையைச் சுத்திகரிப்பு ஆலைக்கு மட்டும் அனுப்பவும், அதன் பிண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்குப் போகாமல் தடுக்கவும், விலை வித்தியாசத்தில் ஒரு பகுதியையாவது விவசாயிக்கு ஈடுகட்டவும் விற்பனைக் குழு ஓர் ஏற்பாடு செய்யலாம். இல்லாவிட்டால், கூடத்தில் தேறாத மூட்டை அன்று மாலையே அடுத்த ஊர்ச் செக்குக்கு வண்டி ஏறும். பிண்ணாக்கு மாட்டுக்குப் போகும். இரண்டு நாளில் பாலில் தெரியும்.